பந்தயத் தடத்தில் டர்போ: வலிமையும் வரம்பும்

முன்னுரை

பொறியியல் மாணவர்க்கே உரியனவாக இருந்த செய்திகள் பலவும் இன்று எல்லாத் துறை மாணவர்களின் உரையாடலிலும் இடம்பெற்றுவிட்டன. அவற்றுள் கார்ப் பந்தயமும் ஒன்று. சொந்தக் காரைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டுசென்று, கட்டணம் செலுத்தி, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு விரைந்து ஓட்டிப் பழகும் நாளை 'டிராக் டே' என்பர். அதற்கெனக் காரை ஆயத்தம் செய்வோர் முதலில் விரும்புவது பெரிய டர்போ. அதனைப் பொருத்தியபின்னும் எஞ்சின் பழுதுபடாது காப்பது எங்ஙனம் என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நம் பகுதியினர்க்குச் சிறப்பாக உரியது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கிவரும் பந்தயத் தடம் தென்காசியிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் உள்ளது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயும் அருகிலில்லை. அத்துணைத் தொலைவு சென்று, மூன்றாம் சுற்றிலேயே எஞ்சின் உடைந்தால் பணமும் உழைப்பும் வீணாம். உயிர்க்கும் ஊறு நேரலாம்.

டர்போ செயற்படும் முறை

எஞ்சினில் எரிந்து வெளியேறும் புகையிடம் வெப்பமும் விசையும் எஞ்சியிருக்கும். அப்புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியே டர்போ. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றல் பெருகும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் தண்டு நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேல் சுழல வல்லது. பெட்ரோல் எஞ்சினில் இதன்மீது பாயும் புகையின் வெப்பம் 900 பாகை செல்சியசையும் கடக்கும். இவ்வளவு கடுமைக்கும் இடையே தண்டைத் தாங்கி நிற்பது மெல்லியதோர் எண்ணெய்ப் படலமே.

நம்மூரார்க்கு டர்போ புதியதன்று. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியே கேரளத்திற்கு மலையேறும் லாரிகளில் அது உண்டு. ஏற்றம் ஏறிவந்து வண்டியை நிறுத்தும் பட்டறிவு மிக்க ஓட்டுநர், எஞ்சினை உடனே அணைப்பதில்லை. சில நிமிடங்கள் மெல்ல ஓடவிட்டே அணைப்பார். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூடேறிய தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். பந்தயத் தடத்திலும் இதுவே விதி. இறுதிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணித்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

வரலாறு தரும் பாடம்

டர்போவின் வரலாறு, துணை உறுப்புகளைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1962-இல் 'ஜெட்ஃபயர்' என்னும் டர்போ காரை வெளியிட்டது. எரிபொருள் காலம் தவறி வெடிப்பதைத் தடுக்க, நீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தைத் தனிக்கலத்தில் நிரப்பிவர வேண்டும். உரிமையாளர் பலர் அதனை நிரப்ப மறந்தனர். தொல்லை மிகுந்து, பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. 1963-உடன் அவ்வகைக் கார் நின்றுபோயிற்று.

பிரான்சின் ரெனோ நிறுவனம் 1977-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் டர்போ காரை இறக்கியது. அது அடிக்கடி புகை கக்கி நின்றமையால் 'மஞ்சள் தேநீர்க் குடுவை' என்று எள்ளப்பட்டது. எனினும் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, 1979-இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் அந்நிறுவனம் முதல் வெற்றியை ஈட்டியது. ஆற்றலுக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட அவ்விரண்டு ஆண்டுகளும் நம்பகத்தன்மையைத் தேடிய ஆண்டுகளே எனலாம்.

பொங்குமாங்கடல் உணர்த்துவது

குற்றாலப் பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, விசை தணிந்து, பொங்கி வழிந்தே கீழிறங்குகிறது. அதனாலன்றோ நாம் அதன்கீழ் நின்று நீராட முடிகிறது!

டர்போவிற்கும் இத்தகைய இடைநிலை தேவை. காற்றை அழுத்தினால் அது சூடேறும். 35 பாகை வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுவந்தால், அதன் வெப்பம் ஏறத்தாழ 130 பாகையை எட்டும். அச்சூட்டோடு உட்புகும் காற்று, எரிபொருளைக் காலம் தவறி வெடிக்கச் செய்யும். இதனையே 'நாக்கிங்' என்பர். பிஸ்டனை உடைப்பது பெரும்பாலும் இதுவே. அழுத்திய காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இன்டர்கூலரே டர்போவின் பொங்குமாங்கடல். வெள்ளம் பெருகும்போது அருவியில் குளிக்கத் தடை விதிப்பது போல, அழுத்தம் வரம்பு மீறும்போது புகையை வேறுவழியில் திருப்பிவிடுவது 'வேஸ்ட்கேட்' என்னும் வாயில். இதனை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுதல் அறிவுடைமை ஆகாது.

செய்யத்தக்க ஒழுங்கு

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சை எடுத்துக்காட்டாக்குகிறார். மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. ஆகவே நம் எஞ்சினின் அச்சு எது, அதாவது முதலில் முறியக்கூடிய உறுப்பு எது என்று அறிவதே முதற்பணி.

முதலாவது, எஞ்சினின் இன்றைய நலத்தை அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, கசிவுகளை நீக்கிய பின்னரே மேற்செல்லலாம்.

இரண்டாவது, குளிர்விப்பும் எண்ணெயும். பெரிய ரேடியேட்டர், இன்டர்கூலர், எண்ணெய் குளிர்விப்பான் ஆகியவை டர்போவிற்கு முன்னரே பொருத்தத்தக்கன. நெடிய வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கினால் பம்பு காற்றை உறிஞ்சும். எண்ணெய்த் தொட்டியில் தடுப்புத் தகடுகள் அமைத்தல் இதற்குத் தீர்வாகும்.

மூன்றாவது, எரிபொருள். பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று 14.7 பங்கு என்பது பொது அளவு. முழு அழுத்தத்தில் காற்றின் பங்கை ஏறத்தாழ 12-ஆகக் குறைத்துப் பெட்ரோலை மிகுவித்தால் உள்வெப்பம் தணியும். அதற்கேற்ற இன்ஜெக்டரும் பம்பும், தேர்ந்த வல்லுநர் செய்யும் ஈசியு திருத்தமும் இன்றியமையாதன. ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தடுக்கும். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 முதல் இந்திய நகரங்கள் சிலவற்றில் கிடைக்கிறது.

நான்காவதாகவே டர்போ. மிகப் பெரியது சுழன்றெழக் காலம் தாழ்க்கும். பின்னர்த் திடீரென விசை காட்டி வளைவில் காரை நிலைகுலையச் செய்யும். மிகச் சிறியதை வரம்பு கடந்து சுழற்றினால் அது காற்றைச் சூடாக்குமே அன்றிப் பயன் தராது. சற்றே பெரியதொன்றைத் தேர்ந்து, அதன் உச்ச ஆற்றலுக்குக் கீழேயே இயக்குவது நெடுநாள் உழைக்கும் வழி.

ஐந்தாவது, கிளட்ச், பிரேக், டயர் ஆகியவற்றை ஆற்றலுக்கு ஏற்ப வலுப்படுத்தி, எண்ணெய் அழுத்தம், வெப்பம் காட்டும் கருவிகளைக் கண்ணெதிரே அமைத்தல். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து சோதித்தால், பழுதின் காரணம் எளிதில் புலப்படும்.

விரைவு ஆற்றலால் மட்டும் வருவதன்று என்பதும் ஈண்டு நினையத்தக்கது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (மறைவு 1995) மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டே 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கினார். எடை குறைந்த உடலே அவற்றின் விரைவுக்குத் துணையாயிற்று. கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரையே தாங்கியுள்ளது.

முடிவுரை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. எனவே இத்தகைய காரை வேறொரு வண்டியில் ஏற்றித் தடத்திற்குக் கொண்டுசெல்வதே முறை. சாரல் காலத்தில் மக்கள் திரளும் குற்றாலச் சாலை, விரைவைச் சோதிக்கும் களமன்று.

இவ்வார்வத்தை வீண்பொழுது என்று பெரியோர் ஒதுக்கிவிடலாகாது. முறைப்படி பயின்றால் அது கணிதமும் வெப்பவியலும் பொறுமையும் கற்பிக்கும் கல்வியாகும். இளைஞர்களும் எத்துணை ஆற்றலைக் கூட்டலாம் என்று கேட்பதற்கு முன், எத்துணை ஆற்றலைத் தாங்கும் என்று கேட்டுப் பழகுதல் வேண்டும். அவ்வாறு கேட்டுச் செய்த காரே, மாலையில் தடத்தைவிட்டுத் தன் சக்கரங்களாலேயே உருண்டு வெளிவரும்.