செம்மண் மேட்டில் நாட்டுக் காட்டை மீட்ட விதம்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்குச் சமீபத்திலுள்ள செம்மண் மேட்டில் 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் என்னும் குடியிருப்பு ஸ்தாபிக்கப்பட்டபோது, அங்கே நிழல் தரும் மரங்கள் மிகச் சிலவே. காட்டை வெட்டி, மிஞ்சியதை ஆடுமாடுகளுக்கு விட்டபின் மண்ணைப் பிடித்து நிறுத்த வேரில்லாமற் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து ஓடைகளின் வழியாய்க் கடலைச் சேர்ந்தது. ஓடைகளும் அகன்று பெரும் பள்ளங்களாயின.

இத்தகைய பூமியில் கன்றுக்கு முன் ஜலத்தைக் கவனித்தல் வேண்டும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து மண்கரைகள் போடப்பட்டன. ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டப்பட்டன. ஓடிப்போன மழை நின்று பூமிக்குள் இறங்கலாயிற்று.

நட்ட மரங்களில் முதன்மையானது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேஷியா. வறண்ட மண்ணிலும் விரைவில் வளர்ந்து, இலையுதிர்த்து, நிழல் கொடுப்பது அதன் குணம். அந்நிழலில் சின்னான் முதலிய பறவைகள் அமர்ந்து தாம் உண்ட பழங்களின் விதைகளை எச்சத்தோடு விட்டன. கூலியில்லாத இவ்வேலையாட்களை எந்தச் சங்கமும் இகழலாகாது.

ஆயினும் அக்கேஷியாவையே காடென்று நம்புவது பிழை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் கரை கடந்தபோது அம்மரங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை ஆகியவை இக்கரையோரத்து உலர் பசுமைக் காட்டுக்கு உரியவை. மெல்ல வளரும் இவை கடற்காற்றுக்குப் பழகியவை. விரைவில் வளர்வது செவிலி, மெல்ல வளர்வதே வீட்டுப் பிள்ளை என்று கொள்ளலாம். பிள்ளை தலையெடுத்தபின் அக்கேஷியாவைப் பகுதி பகுதியாய்க் கழித்துவிடுதல் தக்கது, கழித்தது விறகாகும்.

நாட்டு விதைக்கு நம் முன்னோர் வைத்துப்போன பண்டகசாலை கோயிற்காடு. அம்மேட்டுக்கு வடக்கே புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு இன்னும் நிற்கிறது. தெய்வத்துக்குப் பயந்து கோடாலி வைக்காததால் தப்பிய மரங்கள் அவை. அத்தகைய இடத்தில் கிளையை ஒடியாமல், கீழே உதிர்ந்த பழத்தை மட்டும் பொறுக்கல் வேண்டும்.

புறம்போக்கிலோ பொது நிலத்திலோ இவ்வேலையைத் தொடங்க விரும்பும் சங்கத்துக்கு வரும் மெய்யான தொல்லை மண்ணுமன்று, மழையுமன்று, மேய்ச்சலே. ஆடு சங்கத் தீர்மானத்தைப் படிப்பதில்லை. ஆட்டுக்காரரோ பெரும்பாலும் ஊரில் மிக ஏழையான அங்கத்தினர். அவரைக் கேளாமல் நிலம் முழுவதையும் ஒரே நாளில் அடைத்தால் வேலி இரவிலேயே பிரிக்கப்படும். அதற்கு அவரைக் குறை சொல்வதும் நியாயமன்று. ஒரு துண்டை மட்டும் அடைத்து, அதிற் புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளும் பாத்தியத்தை அவருக்கே முதலில் கொடுத்து, கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் அடைந்தபின் அடுத்த துண்டுக்குப் போகலாம். காவற்கூலியும் அவருக்கே போவது நலம்.

நாவல் போன்றவற்றின் விதை உலர்ந்தால் முளைக்காது. பழம் பொறுக்கிய இரண்டொரு நாளில் சதையைக் கழுவி நாற்றங்காலில் ஊன்றிவிட வேண்டும். ஆதலால் நாற்றங்கால் மண்ணைப் பழம் உதிரும் முன்பே சித்தம் செய்து வைத்தல் அவசியம்.