தோட்டத்துத் துரை போர்விமானியான கதை

கேமரன் மலையில் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம்மவர்க்குத் துரை என்றால், விடியற்காலைப் பெரட்டில் நின்று ஆள்கணக்குப் பார்த்த வெள்ளைக்காரரே நினைவுக்கு வருவார். அத்தொழிலில் இளமையின் சில வருஷங்களைக் கழித்த ஒருவர் இரண்டாம் உலக யுத்தத்தில் கீர்த்திபெற்ற போர்விமானியாகி, பின்னர் நம் மலாயா ஆகாயத்திலும் பறந்தார் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

வில்ஃப்ரிட் டங்கன் ஸ்மித் 1914-இல் சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் கல்வி முடித்து, 1933-இல் இந்தியாவுக்குத் திரும்பிக் காப்பி, தேயிலைப் பயிர்த்தொழிலில் அமர்ந்தார், அது நிலைக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் தொண்டர் பிரிவில் சாதாரண சார்ஜண்டாகச் சேர்ந்தவர், 1940-இல் 611-ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஏறியது முதல் பிரான்சுக் கடற்கரை, மால்டா, சிசிலி, இத்தாலி என்று யுத்தம் போன இடமெல்லாம் போய், 17 பகைவிமானங்களை வீழ்த்தியவர் எனக் கணக்கிடப்படுகிறார். 1943-இல் இத்தாலிக் கடலில் பாராசூட்டில் குதித்து, சிறு ரப்பர்த் தோணியில் மணிக்கணக்காக மிதந்து உயிர்மீண்டதும் அவருடைய சரித்திரத்தில் அடக்கம்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 60-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவராக இங்கு வந்த அவர், 1951 ஜனவரி முதல் நாளன்று நான்கு விமானங்களுடன் ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அருகே காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் முகாமைத் தாக்கினார். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர்கள் தொடுத்த கடைசித் தாக்குதல் அதுவே.

அந்த விமானத்தின் நீண்ட மூக்கு முன்பார்வையைப் பெரிதும் மறைக்கும். கீழேயோ, இடைவெளியின்றிக் கவிந்த மரமுடிகள். வரைபடத்தில் குறித்த ஓரிடத்தை நோக்கிச் சரிந்து, ராக்கெட்டையும் பீரங்கிக் குண்டையும் பொழிந்து நிமிரும் விமானிக்கு, அடிபட்டது முகாமா, வெறும் மரமா என்பது பெரும்பாலும் தெரியாது. ஐரோப்பிய ஆகாயத்தில் தம்மையொத்த ஆயுதம் தாங்கிய வீரனை நேருக்கு நேர் எதிர்த்த சாகசத்தை நான் மனமார வணங்குகிறேன். இந்தக் காட்டு யுத்தத்தை அதனோடு ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அக்காட்டில் பூர்வகுடி மக்கள் குடியிருந்தார்கள். அதன் விளிம்பிலிருந்த தோட்டங்களிலோ, நம் ஜனங்களின் லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலியிடும் திட்டம் 1950-லேயே தொடங்கியிருந்தது. பதக்கங்களைச் சொல்லும் யுத்த சரித்திரங்கள் இவர்களையும் சொல்ல வேண்டும்.

அவசரகாலம் 1960 ஜூலையில் முடிவுற்றது; அதே ஆண்டில் டங்கன் ஸ்மித்தும் குரூப் கேப்டனாகப் பணி ஓய்வு பெற்றார்.