பி.டி.யும் அதன் பங்காளிகளும்

காய்ப்புழுவுக்கு நாம தெளிக்கிற பி.டி., பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. இதுக்கு ரெண்டு நெருங்கிய பங்காளிங்க. ஒண்ணு பேசில்லஸ் சீரியஸ். ஆறிப்போன சோத்துல பெருகி வாந்தி, வயித்துப்போக்கு தரும். இன்னொண்ணு ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமி.

பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமா பார்க்கும் 16எஸ் மரபணு, மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால ஆய்வகத்துல மரபணு ரேகை எடுக்கிறாங்க. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்கள்ல நொதியால வெட்டி, ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவாங்க. சின்னத் துண்டு முந்தி ஓடும், பெரிசு பின்தங்கும். அப்படி விழும் கோடுகளை ஒப்பிட்டால் உறவும் வேற்றுமையும் தெரியும்.

அதோடு, புழுவைக் கொல்லும் படிகப் புரதத்துக்கான மரபணு இருக்கான்னும் பார்க்கணும். அது பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்துல இருக்கு. அதை இழந்த பி.டி.யைச் சீரியஸிலிருந்து பிரிச்சறிவது கஷ்டம்.

ஆகவே, பி.டி.யை வெல்லக் கரைசல்ல வீட்டுலயே பெருக்காதீங்க. டிரம்முல எது பெருகியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போது பொட்டலத்துல ரகப்பெயரைப் படிங்க: காய்ப்புழுவுக்குக் குர்ஸ்டாகி, இஸ்ரேலென்சிஸ் கொசுப்புழுவுக்கானது. பெயர் மாறினால் காசும் போச்சு, காயும் போச்சு.