அழித்த பிறகும் நிற்கும் 64 எழுத்து

ஒரே கேள்வி வேறு வேறு சொற்களில் கடிதமாக வந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அவை கொடுத்த அவகாசம் 18 மாதம். கணக்குப்படி 2027 மே. ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ, விவரம் வாங்கிய நோக்கம் முடிந்துபோனாலோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை அதை அழித்தாக வேண்டும். “பிளாக்செயினில் எதையும் அழிக்க முடியாது என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். இப்போது அழிக்கச் சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்கிறார் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் வாசகர். மென்பொருள் எழுதும் இன்னொருவரின் கேள்வி இன்னும் கூர்மை: “ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் பிரைவேட் டேட்டா வசதியைப் பயன்படுத்துகிறோம். சட்டத்துக்கு அது போதும் என்கிறார் மேலாளர். போதுமா?”

போதாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ‘மாற்றவே முடியாதது’ என்ற விளம்பரச் சொல்லைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். ஃபேப்ரிக் என்பது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் வளர்ந்த கட்டற்ற மென்பொருள், 1.0 பதிப்பு 2017-ல் வந்தது. ஒன்றையொன்று அறிந்த சில நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பேரேட்டை நடத்த அது உதவுகிறது. ஒருவர் தன் பிரதியில் கைவைத்தால் மற்றவர்களின் பிரதி காட்டிக்கொடுத்துவிடும். அதன் உண்மையான பலம் இவ்வளவுதான். உறுப்பினர்கள் அத்தனை பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தால் பேரேட்டைப் புதிதாகவே எழுதிவிடலாம்.

இனி, எனக்கு ஒரே நேரத்தில் வியப்பையும் கவலையையும் தரும் இடம். 2018-ல் 1.2 பதிப்பில் சேர்ந்த பிரைவேட் டேட்டா, உண்மையான விவரத்தைப் பிளாக்செயின் தொடரில் ஏற்றுவதே இல்லை. ஒரு வலையமைப்பில் ஐந்து மருத்துவமனைகள் இருக்கின்றன, ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவு இரண்டுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் அந்த இரண்டின் சர்வர்களுக்கு மட்டும் நேரடியாகப் போய்த் தனிக் கிடங்கில் உட்காரும். ஐவருக்கும் பொதுவான தொடரில் ஏறுவது அதன் ஹேஷ் மட்டுமே: எஸ்எச்ஏ-256 கணக்கில் பிழிந்தெடுத்த 64 எழுத்து. நாளை அந்த நோயாளி மூன்றாவது மருத்துவமனைக்குப் போய்த் தன் முடிவை நீட்டினால், அவர்கள் அதையே பிழிந்து தொடரிலுள்ள 64 எழுத்தோடு ஒப்பிடலாம். பொருந்தினால் ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை என்று பொருள். விவரத்தைப் பகிராமலே அதற்குச் சாட்சி வைத்துவிட்டார்கள். அழகான ஏற்பாடு.

கவலை இங்கே தொடங்குகிறது. ஹேஷிலிருந்து மூல விவரத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பார்கள். நீளமான, ஊகிக்க முடியாத விவரத்துக்கு அது சரி. கைபேசி எண்ணுக்கு? இந்தியாவில் அது 10 இலக்கம். 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கடையில் கிடைக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 100 கோடிக்கு மேல் ஹேஷ் போடும். நாலு விநாடியில் எல்லா எண்களையும் பிழிந்து பார்த்துவிடலாம். எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் எண். ஆதார் 12 இலக்கம் என்றாலும், 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மிஞ்சுவது 8,000 கோடி. அதே கார்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பிறந்த தேதிக்கோ, நூறு ஆண்டுகளை எடுத்தாலும் 36,500 சாத்தியங்கள்தாம்; சாதாரண மடிக்கணினிக்குக்கூட அது வேலையே இல்லை.

இதற்கு மருந்து உப்பு. நிரலாளர்கள் சால்ட் என்று சொல்வது அதைத்தான். விவரத்தோடு நீளமான, குருட்டாம்போக்கான ஒரு எண்ணைக் கலந்து பிழிந்தால் ஊகித்துப் பார்க்கும் வழி அடைபடும். அப்படிக் கலக்கச் சொல்லி ஃபேப்ரிக்கின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆனால் கலப்பது நிரலாளர் பொறுப்பு. ஃபேப்ரிக் தானாகக் கலப்பதில்லை. அதைவிடக் கண்ணில் படாத பள்ளம் ஒன்று உண்டு. தொடரில் ஏறுவது மதிப்பின் ஹேஷ் மட்டுமல்ல, அந்தப் பதிவின் பெயரான ‘கீ’யின் ஹேஷும் தனியே ஏறுகிறது. பரிசோதனை முடிவில் உப்பைக் கவனமாகக் கலந்துவிட்டு, கீயாக நோயாளியின் கைபேசி எண்ணையே வைத்தால் என்ன ஆகும்? நோய் என்னவென்று தெரியாது. இன்னார் அங்கே நோயாளி என்பது தெரிந்துவிடும். அந்த வலையமைப்பு புற்றுநோய்க்கானது என்றால் தெரிய வேண்டியதற்கு வேறென்ன பாக்கி? ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவுதான் என்கிறது நம் சட்டம். அந்த 64 எழுத்தும் அதில் அடங்கும் என்பதே என் வாசிப்பு.

சரி, அழிப்பதற்கு வருவோம். ஃபேப்ரிக்கில் அழிப்பு ஒன்றல்ல. ‘டெல்பிரைவேட்டேட்டா’ என்ற கட்டளை இப்போதைய நிலையிலிருந்து மட்டும் நீக்கும். அனுமதி பெற்ற சர்வர்களின் பழைய பதிவுகளில் விவரம் அப்படியே கிடக்கும். அதையும் சேர்த்துத் துடைக்கும் ‘பர்ஜ்பிரைவேட்டேட்டா’ 2023-ல் 2.5 பதிப்பில்தான் வந்தது. மூன்றாவது வழி, ‘பிளாக்டுலிவ்’ என்ற அமைப்பு. இத்தனை பிளாக் (தொடரில் சேரும் பதிவுக் கட்டு) கடந்ததும் தானாக அழிந்துவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 0 என்று வைத்தால் ஒருநாளும் அழியாது. இதில் கவனிக்க வேண்டியது, அது எண்ணுவது பிளாக்குகளை, நாட்களை அல்ல. பரபரப்பான வலையமைப்பில் 1,000 பிளாக் ஒரே நாளில் ஓடிவிடலாம். ஓய்ந்து கிடக்கும் ஒன்றில் மாதக்கணக்காகும். சட்டமோ நாட்காட்டியைப் பார்க்கிறது.

மூன்றில் எதைச் செய்தாலும் தொடரிலுள்ள ஹேஷ் போகாது. உப்பு இருந்து, விவரத்தோடு உப்பும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் துடைக்கப்பட்டால், மிஞ்சும் 64 எழுத்து யாருக்கும் எதையும் சொல்லாது. அழியாத பேரேடும் அழிக்கச் சொல்லும் சட்டமும் ஒத்துப்போகும் ஒரே புள்ளி அதுதான். உப்பில்லை என்றால் நாலு விநாடிக் கணக்கு அப்படியே நிற்கும். ஆகவே ஒரு நிறுவனம் “அழித்துவிட்டோம்” என்று எழுதிக்கொடுத்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்தக் கட்டளையால் அழித்தீர்கள், கீயில் என்ன இருந்தது, உப்பு எங்கே இருந்தது?

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

பழைய பதிப்பில் இருக்கிறோம், பர்ஜ் வேலை செய்யுமா? செய்யாது, 2.5-க்கு ஏறி, உறுப்பினர்கள் ஒரு பேரேட்டைப் பகிரும் ‘சேனல்’ அமைப்பிலும் அந்தத் திறனை இயக்க வேண்டும்.

பேக்கப்? பர்ஜ் அதைத் தொடாது. ஒவ்வொரு உறுப்பினரும் தனியே துடைக்க வேண்டும்.

விவரத்தைக் குறியாக்கித் தொடரிலேயே வைத்துச் சாவியை மட்டும் அழித்தால்? இன்றைய பூட்டு 20 ஆண்டு கழித்தும் தாங்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. தொடர் அதுவரை கிடக்கும்.

ஐரோப்பாவில்? அங்குள்ள தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டு வரைவு, தனிநபர் தரவைத் தொடரில் வைப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது.

ஃபேப்ரிக்கை எழுதியவர்கள் பொறுப்பா? இல்லை, உரிமமே கைவிரிக்கிறது, தரவை வாங்கிய நிறுவனம்தான் பொறுப்பு.

அபராதம்? பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை.

விவரத்தைத் தொடரில் ஏறாத ‘டிரான்சியன்ட்’ வழியில் அனுப்பாமல் சாதாரண உள்ளீடாக அனுப்பிவிட்டோம், என்ன ஆகும்? அது ஹேஷாக அல்ல, எழுத்துக்கு எழுத்து தொடரில் ஏறி, சேனலில் உள்ள அத்தனை உறுப்பினர்களின் பிரதியிலும் இருக்கிறது. பர்ஜால் அதை எடுக்க முடியாது.