அடுப்புக்கும் விடுமுறை வேண்டும்

மத்தியதரைக் கடலிலே மால்டா என்றொரு சிறு தீவு உண்டு. உயர்தர வகுப்பிலே பயிலும் என் மகள் அதன் நீலக் கடலைப் படத்திலே கண்டு, "அடுத்த விடுமுறைக்கு அங்கே போவோமா, அப்பா?" என்று கேட்டாள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டாலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நால்வருக்கு விமானச் சீட்டு வாங்க ஓர் ஆசிரியனின் சேமிப்பு எந்த மூலைக்கு? "மால்டாவின் பரப்பு 316 சதுர கிலோமீற்றர். நமது கண்டி மாவட்டம் அதைப்போல் ஆறு மடங்கு. முதலில் இதைப் பார்த்து முடிப்போம்" என்று பூகோளம் பேசித் தப்பித்துக்கொண்டேன்.

2023ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் அந்த வாக்கை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. கண்டியிலுள்ள எங்கள் வீட்டிலேயே தங்கி, பகலில் ஊர் பார்த்து மாலையில் திரும்புவது என நான்கு நாட்களுக்குத் திட்டம் வகுத்தேன். விடுதிச் செலவு மிச்சம். நண்பகலுக்குக் கட்டுச்சோறு, ஆகவே உணவுச் செலவும் மிச்சம். என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டிருக்கையில், மனைவி அத்தாளை வாங்கிப் படித்தாள்.

"விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இந்தக் கட்டுச்சோற்றைக் கட்டப்போவது யார்? இது உங்களுக்கு விடுமுறை. எனக்கு மேலதிக வேலை."

மறுமொழி கூற இயலவில்லை. குறைந்த செலவில் குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம் சென்றதாகப் பெருமை பேசும் நம்மில் பலர், குறைந்த அச்செலவை இல்லத்தரசியின் முதுகிலன்றோ ஏற்றியிருக்கிறோம்! திட்டத்தைத் திருத்தினேன். காலை உணவு என் பொறுப்பு, மகன் உதவியாள். நண்பகலில் சைவக் கடை. அதற்கான பணத்தை வாடகை வானைக் கைவிட்டு ஈடுசெய்தோம். எங்கும் பஸ்ஸிலும் கால்நடையாகவுமே சென்றோம்.

முதல் நாள் பேராதனைப் பூந்தோட்டம். 1821இல் அமைக்கப்பட்ட இத்தோட்டத்தை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்தோடுகிறது. உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தனர். மனைவியோ அருகிலிருந்த ஆசனமொன்றில் அமர்ந்து, யாரும் எழுப்பாத ஒரு மணி நேரத்தை அனுபவித்தாள்.

இரண்டாம் நாளே எங்கள் பிரயாணத்தின் மகுடம். பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டிறங்கி, கடலாதெனியா, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று பழம்பெருங் கோயில்களையும் கிராமத்துச் சாலை வழியே நடந்து கண்டோம். முதலிரண்டும் 1344ஆம் ஆண்டின. பாறைமேல் கல்லாலேயே எழுப்பப்பட்ட கடலாதெனியாவைச் சமைத்த சிற்பி கணேசுவராச்சாரி தென்னிந்தியர். அதன் தூண்களைக் கண்டதும் தமிழ்நாட்டுக் கோயிலுக்குள் நுழைந்த உணர்ச்சியே உண்டாகிறது.

எம்பெக்கே கதிர்காமக் கடவுளின் ஆலயம். அங்குள்ள மரத்தூண்களில் மல்லர்கள், நடனமாது, பின்னிப் பிணைந்த அன்னங்கள், மகவுக்குப் பாலூட்டும் தாய் என ஓர் உலகமே செதுக்கப்பட்டிருக்கிறது. தலையை உயர்த்தினால் மற்றோர் அதிசயம்: கூரையின் ஒரு முனையிலே 26 கைமரங்கள் ஒன்றுகூடுகின்றன. அவை அத்தனையையும் ஒரேயொரு மர ஆப்பு பிணைத்து நிற்கிறது. பொறியியல் கற்க விரும்பும் மகன் கழுத்து வலிக்க அதையே நோக்கி நின்றான்.

"இந்த ஆப்பு ஒரு நாள் விடுமுறை கேட்டால் என்னவாகும்?" என்றாள் மனைவி, மெல்லிய குரலில். பிள்ளைகள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காசு செலவின்றிக் கழிந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தை 1807இல் ஏரியாக்கினான். அந்தக் கண்டி ஏரியைச் சுற்றி நடந்தோம். 1815இல் முடியிழந்து, வேலூரில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்ட அம்மன்னனின் கதையை மகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம்.

நான்காம் நாள் அந்தனைத் தேயிலை நூதனசாலைக்கெனக் குறித்திருந்தேன். அன்று விடியலிலிருந்து மழை. எவரும் வெளியே செல்லவில்லை. மனைவி எட்டு மணிவரை உறங்கினாள். நானும் மகனும் ரொட்டி சுட்டுத் தேங்காய்ச் சம்பல் அரைத்தோம். உப்புச் சற்று மிகுந்துவிட்டது. அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கூறாமல், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டாள்.