காந்தம் மட்டும் நடக்க வைக்காது!

பக்கவாதத்தால் கால் விழுந்தவர்களை, 'தலையில் காந்தம் வைத்து நடக்க வைக்கிறோம்' என்று இப்போது சில இடங்களில் சொல்கின்றனர். என் மாமியாருக்காக டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதை, மற்ற சகோதரிகளுக்கும் சொல்லி விடுகிறேன்.

இதற்கு ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். தலை மேல் வைக்கும் கம்பிச்சுருளின் காந்த சக்தி, மண்டை ஓட்டைத் தாண்டிப் போய், மூளையில் லேசான மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1985ல், இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், ஆண்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினர்.

கையை அசைக்கும் பகுதி, மூளையின் வெளிப்பக்கமாக இருக்கிறது. காலை அசைக்கும் பகுதியோ, நடுப்பிளவுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அதனால், காலுக்கு இதைச் செய்வது கொஞ்சம் சிரமமாம். செய்து பார்த்ததில், சிலருக்கு நடை வேகம் கூடியிருக்கிறது. சிலருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

பிசியோதெரபிக்கு இது ஒரு துணைதான். அதற்குப் பதில் அல்ல. வலிப்பு வந்தவர்கள், தலையில் உலோக கிளிப், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

ஆகவே, நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடும் முன், 'இதோடு நடைப்பயிற்சியும் தருவீங்களா, எத்தனை நாள்?' என்று கேளுங்கள். 'மெஷினே போதும்' என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீங்க. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, பக்கத்தில் ஆள் நின்று, வீட்டிலும் தினமும் நடக்க வையுங்கள். அதை மட்டும் விட்டு விடாதீங்க!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.