இதயத்தை வம்புக்கு இழுக்கும் அறை

கூலிமில் ஒருவருக்கு நெஞ்சு தாறுமாறாய் அடித்துக்கொண்டால் முதலில் கூலிம் மருத்துவமனை. கேஸ் பெரியது என்றால் பினாங்கு, இல்லாவிட்டால் கோலாலம்பூரில் 1992இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம். அங்கே 'அப்லேஷன்' செய்தார்கள் என்று சொல்லி, சில நாளில் ஆள் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார். உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது? வாங்க, எட்டிப் பார்த்துவிடலாம்!

சில்லென்ற அறை. எல்லோர் மேலும் கனமான ஈய உடுப்பு. நெஞ்சைக் கிழிப்பதே கிடையாது! தொடை இடுக்கில் ஊசித்துளை. அதன் வழியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டர்கள் இரத்தக்குழாய்க்குள் நுழைந்து நேராக இதயத்துக்கே போய்விடுகின்றன. அவற்றின் நுனியில் மின்முனைகள். இதயத்துக்குள்ளிருந்தே இ.சி.ஜி. எடுக்கிறார்கள், நினைத்துப் பாருங்கள்!

இனிமேல்தான் விஷயமே. ஒளிந்திருக்கும் கோளாறு தானாக வெளியே வராது. அதனால் மருத்துவரே குட்டிக் குட்டி மின்தூண்டல் கொடுத்து அந்தப் பொல்லாத துடிப்பை வேண்டுமென்றே கிளப்புகிறார்! 70இல் போய்க்கொண்டிருந்த துடிப்பு சட்டென்று 180. நிலைமை மீறினால் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தக் கருவி தயாராக இருக்கிறது. படுக்கைக்குக் கீழே காந்தப்புலம். கதீட்டர் தொட்ட இடமெல்லாம் கணினியில் புள்ளியாகி, திரையில் முப்பரிமாண இதயமே எழுகிறது. மின்சாரம் முதலில் கிளம்பும் இடம் சிவப்பு, கடைசியாகச் சேரும் இடம் ஊதா. எதிரி அந்தச் சிவப்பில் மாட்டிக்கொண்டான்!

சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு மின்வழி இருக்கும். பெரிய சாலை இருக்க, ரப்பர் மரங்களுக்கு இடையே போட்ட குறுக்குப்பாதை மாதிரி. 1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் விவரித்த கோளாறு இது. மேலறை வெறிபிடித்துத் துடிக்கும்போது அந்த வேகம் இந்த வழியாகக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கதீட்டர் நுனியை அங்கே வைத்து ரேடியோ அலையால் சுடுகிறார்; அதுதான் அப்லேஷன். 50 டிகிரியைத் தாண்டினால் அந்தத் துளித் தசை செயலிழந்துவிடும். எல்லோர் கண்ணும் திரையில்... சில நொடிகளில் இ.சி.ஜி.யில் இந்தக் குறுக்குப்பாதையைக் காட்டிக்கொடுத்த கோணல் சரிவு காணாமல் போகிறது! பிறந்ததிலிருந்து கூடவே வந்த கோளாறு, போயே போச்சு!

1981இல் மருத்துவர் மெல்வின் ஷைன்மன் சான் ஃபிரான்சிஸ்கோவில் கதீட்டர் அப்லேஷனைத் தொடங்கியபோது நேரடி மின் அதிர்ச்சிதான் ஆயுதம். ரேடியோ அலை வந்த பிறகு, 1991இல் வாரன் ஜாக்மன் குழு இந்தக் குறுக்குப்பாதை உள்ள 166 பேரில் 164 பேருக்கு அதை அழித்துக் காட்டியது!

மாரடைப்பு விட்டுப்போன வடுவைச் சுற்றிச் சுழலும் கீழறைத் துடிப்பு இன்னும் முரடு. பல மணி நேரம் பிடிக்கும், மறுபடியும் தலைகாட்டலாம்; அதனால் பலருக்கு நெஞ்சில் பொருத்திய அதிர்ச்சிக் கருவியும் காவலுக்கு இருக்கும். இரத்தக் கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு. அதனால்தான் யாருக்கு, எப்போது என்று அவ்வளவு யோசிக்கிறார்கள். நம் பக்கத்து நாடான தாய்லாந்தில் மருத்துவர் கூன்லவி நடேமனி இன்னொரு கதவையே திறந்தார்: தூக்கத்தில் திடீரென உயிரைப் பறிக்கும் புருகாடா கோளாறுக்கு, இதயத்தின் வெளிப்பரப்பில் சுட்டுப் பலன் கண்டதாக 2011இல் அறிவித்தார்!

இந்த வேட்டைக்கு முதல் துப்பு கொடுக்கிறவர் நீங்கள்தான். எஸ்டேட்டில் இருந்தாலும் சரி, கூலிம் ஹைடெக் பார்க்கில் நைட் ஷிஃப்டில் இருந்தாலும் சரி, நெஞ்சு திடீரென்று பந்தயம் ஓடினால் 'காற்றுப் பிடிச்சிருக்கு' என்று இஞ்சித் தண்ணி குடித்துப் படுத்துவிடாதீர்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் உடனே 999. மற்றபடி, துடிப்பு அடங்குவதற்குள் அருகிலுள்ள கிளினிக்கில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். கதீட்டரை இதயத்தின் எந்த மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நிபுணருக்கு முதலில் சொல்வது அந்த ஒரு தாள்தான்!